சுருளைத் திருப்பிப் போடவும்

அய்யாக்கண்ணு அண்ணன் இறந்த செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. ஈப்போவில் நான் வேலை பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அவருடைய மனைவி பாக்கியம் அக்கா அழைத்திருந்தார்.

"சரோஜா, அண்ணன் போயிட்டாரும்மா. காலையில தேத்தண்ணி கேட்டாரு. கலக்கிட்டு வந்து கூப்பிடுறேன், சத்தமே இல்ல. நெஞ்சுல என்னமோ ஆயிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு. நீ வாரியா?"

"இதோ வாரேன்க்கா" என்று சொல்லி வைத்தேன். கையில் ஒரு நிலப் பத்திரம் பாதி தட்டச்சானபடி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை. பாதியில் நிறுத்தினால் அவர் திட்டுவார் என்று கை நினைத்துக்கொண்டதோ என்னவோ.

புந்தோங்கில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பொறுமையின் வடிவம் என்றார் ஒருவர். குறை சொல்லத் தெரியாதவர் என்றார் இன்னொருவர். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பார்வையில்லாதவர் என்றால் பொறுமைசாலியாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். அவருக்குப் பொறுமை கிடையாது. அரைகுறை வேலையைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். அந்த எரிச்சலில் என்னையும் பல ஆண்டுகள் வேக வைத்தார். அதைச் சரியாக எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தாப்பாவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இளம் வயதில் தோட்டத்து ரப்பர் பால் கொட்டகையில் வேலை செய்தபோது, பாலை உறைய வைக்கும் அமிலம் முகத்தில் தெறித்துப் பார்வை போனது. அதற்குப் பிறகு பயிற்சி பெற்று, ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் ஈப்போ அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். யாராவது அவருடைய கண்ணைப் பற்றி இரக்கப்பட்டுப் பேச ஆரம்பித்தால், "பேர்லயே கண்ணு இருக்கு, போதும்லா" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் நான் அவரை முதலில் சந்தித்தேன். பார்வையற்றோருக்கான எங்கள் சங்கத்தில் அப்போது புத்தகங்களை முழுமையாக வாசித்துப் பெரிய சுருள் நாடாக்களில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கேட்பவர்கள் வீட்டுக்குச் சுருளை எடுத்துப்போய், சங்கம் கொடுத்த இயந்திரத்தில் போட்டுக் கேட்பார்கள். தமிழ்ப் புத்தகம் வாசிக்க ஆள் தேவை என்றதும் நான் போனேன். பள்ளி நாடகங்களில் நடித்தவள் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. ஜன்னலில் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரு தாய் மகனைப் பறிகொடுக்கும் இடத்தை நானே அழுதுகொண்டு வாசித்தேன். பதிவைச் சரிபார்ப்பதற்காக எதிரே உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தங்கச்சி, அழணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீங்க வாசிங்க."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். முகம் சுட்டது. ஆனால் மறுபடி வாசித்தேன், அழாமல். முடித்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டு என்று ஒன்று அவரிடம் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. கையை உயர்த்தாமல் இருந்தால் அதுதான் பாராட்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் கேசட் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கேசட்டும், மடியில் வைத்துக் கேட்கிற சின்ன இயந்திரமும் தலைநகரிலிருந்து வந்து இறங்கின. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆங்கிலப் புத்தகங்களும் மலாய்ப் புத்தகங்களும் கேசட்டாகவே வந்துவிட்டன. தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் வரவில்லை. அவை நாங்கள் ஈப்போவில் வாசித்தவை. சுருளில் இருந்த ஒரு பிரதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. பழைய இயந்திரங்களை இனிப் பழுதுபார்க்கப் போவதில்லை என்றும், சுருள்கள் இருக்கும் அறை தையல் வகுப்புக்கு வேண்டும் என்றும் செயலாளர் கூட்டத்தில் அறிவித்தார்.

"அதுல உள்ள தமிழ் புஸ்தகமெல்லாம் என்ன ஆகுறது?" என்று அய்யாக்கண்ணு அண்ணன் கேட்டார்.

"அண்ணே, பேராக் மாநிலத்துல தமிழ் கேக்குறவங்க எத்தன பேரு இருப்பாங்க? ரெண்டு கை வெரலு போதும்."

"அதுல ஒரு வெரலு என்னோடது."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில், எங்களால் முடிந்தால் நாங்களே கேசட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு பழைய இயந்திரத்தையும் சில வெற்றுக் கேசட்டுகளையும் கொடுத்தார்கள். எங்களால் என்றால் அவரும் நானும்தான். சுருள்களை ஒரு வேனில் ஏற்றிப் புந்தோங்குக்குக் கொண்டுவந்தோம். பாக்கியம் அக்கா நடுக்கூடத்தில் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "வீட்டுல மனுசங்களும் இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மாற்றுவது என்றால் பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் ஓட வேண்டும், இன்னொரு பக்கம் பதிய வேண்டும், அவ்வளவுதானே. முதல் புத்தகத்தை அப்படித்தான் செய்தோம். பழைய இயந்திரத்தின் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். பிறகு போட்டுக் கேட்டால் சேவல் கூவுகிறது. மோட்டார் சைக்கிள் போகிறது. கதாநாயகன் நாட்டைவிட்டுப் போகப் படகில் ஏறும் இடத்தில் பாக்கியம் அக்கா, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்கிறார்.

"கதைக்குள்ள வந்து எம் பொண்டாட்டி சோறு திங்கக் கூப்புடுறா. இது ஆகாது" என்றார் அண்ணன்.

"அண்ணே, ஒரே ஒரு இடம். கேக்குறவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"நான் கேக்குறவன்தான். நான் நெனைக்கிறேன்."

திரும்பவும் முதலிலிருந்து. ரேடியோ பழுதுபார்க்கும் ஆ லியோங் என்பவரிடம் போய் இரண்டு இயந்திரத்தையும் இணைக்க ஒரு கம்பி செய்து வாங்கினோம். கம்பி வழியாகப் பதிந்தால் ஒரே இரைச்சல். அதைச் சரிசெய்ய இன்னொரு நடை. பிறகு சில சுருள்களில் குரல் குழந்தை கீச்சிடுவதுபோல வந்தது. அவை நாடாவை மிச்சம் பிடிக்க மிக மெதுவான வேகத்தில் பதிந்தவை என்று கண்டுபிடித்தோம். நல்லவேளையாகச் சங்கம் கொடுத்த இயந்திரத்தில் அந்த வேகமும் இருந்தது. கடைகளில் கிடைக்கும் இயந்திரங்களில் அது கிடையாது. சுருளின் ஒரு பக்கம் நீளமாக ஓடும், கேசட்டின் பக்கமோ சீக்கிரம் முடிந்துவிடும். "அவள் கதவைத் திறந்தபோது" என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே கேசட் நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் யார் என்பது அடுத்த பக்கத்தில். எனக்கு அது பரவாயில்லை என்றே பட்டது. அவருக்குப் படவில்லை. ஒவ்வொரு முறையும் வாக்கியம் முடிகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். வாக்கியம் போதாது, பத்தி முடிய வேண்டும். இதில் வேகமாகச் செய்ய வழியே இல்லை. புத்தகம் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் உட்கார வேண்டும். என்னுடைய சனிக்கிழமைகள் எல்லாம் அந்தக் கூடத்தில் போயின.

ஒரு வழியாகச் சில புத்தகங்கள் முடிந்து, தமிழ் கேட்பவர்களுக்கு அனுப்பினோம். கொஞ்ச நாளில் கமுந்திங்கிலிருந்து மருதமுத்து என்பவர் அண்ணனை அழைத்தார். அவரும் பார்வையில்லாதவர். நானும் அன்று அங்கே இருந்தேன். ரிசீவரைத் தாண்டிக் குரல் எனக்கும் கேட்டது.

"கேசட்டு நல்லா இருக்குண்ணே. கதைதான் கொஞ்சம் கொழப்பமா இருக்கு. அந்தாளுக்குக் கல்யாணம் ஆவுது, பெறகு செத்துப் போறான், பெறகு பள்ளிக்கூடம் போறான். புது மாதிரி எழுதியிருக்காங்களோ?"

"எப்படிப் போட்டுக் கேட்டீங்க?"

"டேப்புல சொன்ன மாதிரிதான். திருப்பிப் போடச் சொன்னாங்க, திருப்பிப் போட்டேன்."

அண்ணன் ரிசீவரை வைத்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. பழைய சுருள் ஒவ்வொன்றிலும் பக்கம் முடியும்போது, "இத்துடன் இந்தப் பக்கம் முடிந்தது, சுருளைத் திருப்பிப் போடவும்" என்று வாசித்தவர் சொல்லியிருப்பார். நாங்கள் அதையும் சேர்த்து அப்படியே கேசட்டில் பதிந்திருந்தோம். இப்போது அந்த வாசகம் கேசட்டின் நட்டநடுவில் வருகிறது. டேப் சொன்ன பேச்சைக் கேட்டு மருதமுத்து ஒவ்வொரு முறையும் கேசட்டைத் திருப்பியிருக்கிறார்.

"எல்லாத்தையும் திருப்பி வாங்கணும்" என்றார் அண்ணன்.

"வேணாம்ணே. கேசட்டு நிக்கிற வரைக்கும் திருப்பாதீங்கன்னு அட்டையில ஒரு வரி எழுதி ஒட்டிருவோம்."

"அட்டைய யாரு படிப்பா?"

எனக்குக் கோபம் வந்தது. என்னிடமே கோபம், அவரிடமும் கோபம். இத்தனை மாத வேலையும் வீண். அன்று நாங்கள் இருவரும் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். சில வாரங்கள் கழித்து அலுவலகத்துக்கு அவருடைய அழைப்பு வந்தது.

"கோவம் தீந்துருச்சா?"

"தீரல."

"எனக்கும் தீரல. சனிக்கெழம வாங்க."

போனேன். அதற்குள் அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்துக் கேசட்டுகளைத் திரும்ப வாங்கியிருந்தார். முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். திருப்பிப் போடச் சொல்லும் வாசகம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் விரல் பதிவை நிறுத்தும். அது முடிந்ததும் மறுபடி ஓடவிடும். அந்தக் காலத்தில்தான் ஈயத்தின் விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அவருடைய கம்பெனியும் மூடியது. கண் தெரிந்தவர்களுக்கே வேலை கிடைக்காத ஊரில் அவருக்கு யார் கொடுப்பார்கள்? பாக்கியம் அக்கா பள்ளிக்கூட கேண்டீனில் வேலைக்குப் போனார். அண்ணன் பகலெல்லாம் தனியாக அந்த இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். வேலையைப் பற்றி நான் கேட்டால், "இதான் வேலை" என்பார். அந்தக் குரலில் பெருமை இல்லை. கசப்புத்தான் இருந்தது.

பிறகு பழைய இயந்திரம் நின்றது. ஆ லியோங் வந்து திறந்து பார்த்தார். "சுடா மாத்தி. பாராங் தாடாலா" என்றார். செத்துவிட்டது, மாற்றுவதற்குப் பொருளும் கிடைக்காது. சங்கத்தில் கேட்டோம். தலைநகரில் கேட்டோம். மற்ற பழைய இயந்திரங்களை எல்லாம் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

சுருள்களில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன. ஆனால் அவரை அரித்தது அவை அல்ல. ஒரு புத்தகம் கடைசிச் சுருளில் நின்றுபோயிருந்தது. யுத்த காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தோட்டத் தொழிலாளி ஒருவனின் கதை. உள்ளூர்க்காரர் எழுதிச் சிறிய அச்சகத்தில் போட்ட நாவல். அதை வாசித்துப் பதிந்த பள்ளி ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அவரிடமிருந்த பிரதியும் வெள்ளத்தில் போயிற்று. கதையில் அவன் உயிர் தப்பி, பல ஆண்டுகள் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பி நடந்து வருகிறான். அவன் இறந்துவிட்டான் என்று நினைத்து அவன் மனைவி இன்னொருவரோடு வாழ்கிறாள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு அவன் வந்து சேரும் இடத்தில் எங்கள் கேசட் முடிகிறது.

"இப்படி அனுப்ப முடியாது. முடிவு எனக்குத் தெரியும். பலமுறை கேட்டிருக்கேன். நான் சொல்றேன், பதிஞ்சிருங்க" என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு சொல் மாறினாலும் கையை உயர்த்துகிற மனிதர். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "இனிமே வாசிக்கிறதுக்கு ஏடு இல்ல. அதனால சொல்றேன். தப்பா இருந்தா எழுதினவரத் திட்டாதீங்க, என்னையத் திட்டுங்க." பிறகு தோட்டத்துப் பேச்சிலேயே முடிவைச் சொன்னார். கொஞ்ச நேரம்தான் ஓடியது. பாக்கியம் அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்று கேட்டார். அன்று அவர் யாரையும் சோற்றுக்குக் கூப்பிடவில்லை.

அந்தக் கேசட்டுக்குத்தான் ஆள் அதிகம். மருதமுத்து அதைத் திருப்பித் தரவே மனமில்லாமல் வைத்திருந்தார். அண்ணனுக்கு மட்டும் அது முள்ளாகக் குத்தியது. "அந்தப் பொஸ்தகம் கெடச்சுதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நானும் தேடினேன். போன ஆண்டு தாப்பாவில் கடை வைத்திருக்கும் ஒரு செட்டியார் வீட்டில், பரணில் கிடந்த பழைய புத்தகங்களுக்கிடையே அது கிடைத்தது. பேருந்திலேயே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். படித்தபின், அவரிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசிக்கச் சொன்னார்.

புத்தகத்தில் அவன் லயத்து வாசல்வரை வருகிறான். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மனைவியையும் அந்த மனிதரையும் பார்க்கிறான். யாரையும் கூப்பிடாமல் திரும்பி நடக்கிறான். அங்கே கதை முடிகிறது. அண்ணன் சொன்ன முடிவு அது இல்லை.

"திரும்பிப் போயிடுறானா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"மறுபடி வாசிங்க."

மறுபடி வாசித்தேன். "அப்ப நான் பொய் சொல்லிட்டேன். அழிச்சிட்டு உள்ளபடி வாசிங்க" என்றார்.

"இருக்கட்டும்ணே. எல்லாருக்கும் அது பிடிச்சிருக்கு. வேற கேசட்டுல வாசிக்கிறேன், ரெண்டும் இருக்கட்டும்."

"கதை அவரோடது. எனக்குப் பிடிச்ச மாதிரி மாத்த நான் யாரு? அதுலயே பதிங்க."

நான் எவ்வளவோ சொன்னேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் அவர் எதிரிலேயே, அவர் குரலின் மேல் என் குரலைப் பதிந்தேன். அழாமல் வாசித்தேன். அவர் கையை உயர்த்தவில்லை. வெளியே போயிருந்த பிரதிகளையும் விடாமல் அழைத்து அழைத்து வாங்கி அழிக்கச் செய்தார்.

அன்று நான் கிளம்பும்போது பாக்கியம் அக்கா வாசல்வரை வந்தார். "அவுங்க அப்பா சயாமுக்குப் போனவரு சரோஜா. வரவே இல்ல. அம்மா பெறகு ஒருத்தரோட இருந்தாங்க. நல்ல மனுசன். அவருதான் இவர வளத்தாரு" என்றார். அத்தனை ஆண்டுகளில் அண்ணன் என்னிடம் அதைச் சொன்னதில்லை. அடுத்த முறை போனபோது, ஏன் அப்படி மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஞாபக மறதி" என்றார். அதற்கு மேல் கேட்கவிடவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அடக்கம் முடிந்த அன்று கமுந்திங் மருதமுத்துவைத் தேடிப் பிடித்தேன். "உங்ககிட்ட அண்ணன் குரல்ல இருந்த பழைய கேசட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மறைச்சு வெச்சுத்தான் பாத்தேன். போன் மேல போன் பண்ணாரு. அனுப்பிட்டேன்லா" என்றார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை பேர் குரல்களைக் காப்பாற்றிய மனிதருடைய குரல் இன்று எங்கும் இல்லை. அதற்கு அவரே காரணம், என் கையே கருவி. பொறுமைசாலி என்று அவரைச் சொன்னவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும். நான் இதைச் சரி என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அவர் எழுந்து வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் மிச்சம் இருப்பது அவர் சொன்ன அந்தத் தவறான முடிவு மட்டும்தான். அன்று கேட்டது காதில் அப்படியே இருக்கிறது. அவன் லயத்து வாசல்ல வந்து நிக்கிறான். அவ பாத்துட்டா. கத்தல, அழல. "வெளிய நிக்காத. காலக் கழுவிட்டு உள்ள வா"ங்குறா. உள்ள உக்காந்திருந்த ஆளு ஒண்ணும் பேசல. கொஞ்சம் நவுந்து உக்காந்தாரு. மூணு பேருக்கும் சோறு இருந்துச்சு.